வாய்ப் புற்றுநோய் தொத்துமா? தலைமுறைக்கு இறங்குமா?

வேப்பம்பட்டில் நிலம் வைத்து விவசாயம் செய்துவரும் நம் அங்கத்தினர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். பங்குத் தொகையைப் பற்றியோ, உரம் காலத்தில் வந்து சேராததைப் பற்றியோ எழுதிய கடிதமன்று. அவருடைய தமையனார் நெசவாளர். நாற்பது ஆண்டுகளாகத் தறியில் உட்கார்ந்தவர். அவருக்கு இடது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் தோன்றி, வலியின்றி, ஆறாமலும் எட்டு மாதம் கிடந்திருக்கிறது. இறுதியில் சென்னையில் அறுவைச் சிகிச்சை நடந்து, இப்போது தேறிவருகிறார். நோய் ஒருவாறு நீங்கியது. ஆனால் அதனோடு வந்த சொற்கள் நீங்கவில்லை என்கிறார் அன்பர்.

மருத்துவமனைத் தாள்களில் 'மரபணு மாற்றம்' என்று ஓரிடத்திலும், 'வைரஸ் சோதனை' என்று வேறோரிடத்திலும் எழுதியிருந்ததாம். மரபணு என்ற சொல் காதில் விழுந்ததும், அண்ணன் மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் தள்ளிவைத்துவிட்டார்கள். வைரஸ் என்ற சொல் காதில் விழுந்ததும், சொந்த வீட்டாரே அவருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் ஒதுக்கிவிட்டார்கள். பேரன் மடியில் ஏறுவதையும் தடுத்துவிட்டார்கள். "இந்நோய் குலத்தில் இறங்குமா? பிறரைத் தொத்துமா? பீடி சிகரெட்டைக் கையாலும் தொட்டறியாத என் அண்ணனுக்கு இது எதனால் வந்தது?" என்பவை அன்பரின் மூன்று கேள்விகள்.

இக்கேள்விகள் அவர் ஒருவருடையவை மட்டும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2022-ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அவ்வோர் ஆண்டில் மட்டும் உதடு, வாய் ஆகிய இடங்களில் புற்றுநோய் புதிதாகக் கண்டவர்கள் 1,40,000 பேருக்கு மேல். நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடத்தில் நிற்கிறது. ஆகவே சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

முதலில் மரபணு என்பது யாது என்று பார்ப்போம். நெசவாளர்களுக்கு இதை விளங்கவைப்பது எளிது. ஜக்கார்டு பெட்டியில் கோத்துத் தொங்கும் அட்டைகளை நாம் அனைவரும் அறிவோம். அட்டையில் ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதற்குரிய பாவு நூல் மேலே எழும்புகிறது. ஓட்டை இல்லாத இடத்தில் நூல் கீழேயே தங்குகிறது. மாங்காயோ மயிலோ, புடவையில் தோன்றும் உருவம் எதுவாயினும் அது உண்மையில் அட்டையின் ஓட்டைகளில்தான் இருக்கிறது. நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிற்குள்ளும் இத்தகைய அட்டைக் கட்டு ஒன்று இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்து சேர்ந்த அக்கட்டில் தாய் வழியில் சுமார் 300 கோடி எழுத்துகளும், தந்தை வழியில் ஏறக்குறைய அவ்வளவும் அடங்கியுள்ளன. அதில் ஒரு பொருளைச் செய்யும் முறையைச் சொல்லும் பகுதிக்கு மரபணு என்று பெயர். மனிதனுக்கு இத்தகைய மரபணுக்கள் சுமார் 20,000 உண்டு.

அட்டை நைந்துபோனால், பழையதைப் பார்த்துப் புதிய அட்டை குத்துகிறோம். குத்துகிறவர் ஓர் ஓட்டையைத் தவறான இடத்தில் குத்திவிட்டால், அன்று முதல் நெய்யும் ஒவ்வொரு புடவையிலும் அப்பிழை வரும். அந்த அட்டையைப் பார்த்துக் குத்தும் அட்டையிலும் வரும். உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் தன் அட்டைக் கட்டு முழுவதையும் படியெடுத்துக்கொள்கிறது. வாயின் உட்புறத் தோலோ ஓயாது தேய்ந்து, இரண்டு மூன்று வாரங்களுக்குள் புதிதாகிவிடும் இடம். அங்கே படியெடுக்கும் வேலை நிற்பதேயில்லை. இவ்வாறு படியெடுக்கையில் நேர்ந்து நிலைத்துவிடும் எழுத்துப் பிழையைத்தான் மருத்துவர்கள் மரபணு மாற்றம் என்று எழுதுகிறார்கள்.

இப்பிழைகளில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. புடவையின் உடலில் மறைவான மடிப்புக்குள் விழுந்த பிழையைப் போல அவை கிடந்துவிடும். சில இடங்களில் விழும் பிழைகள்தாம் ஆபத்தானவை. அவ்விடங்களை இருவகையாகப் பிரிக்கலாம். ஒருவகை மரபணுக்கள் உயிரணுவைப் பெருகும்படி ஏவுகின்றவை. எச்-ராஸ் என்பது அவற்றில் ஒன்று. தேவை ஏற்படும்போது மட்டும் 'பெருகு' என்று சொல்லிவிட்டு அடங்கிவிட வேண்டியது அது. அதன் ஒரே ஓர் எழுத்து மாறினால் அடங்கும் தன்மையை இழந்து, இடைவிடாது ஏவிக்கொண்டே இருக்கும். மற்றொரு வகை, காவல் காக்கின்றவை. பி-53 என்ற புரதத்தைச் செய்யும் மரபணு அவற்றில் தலையாயது. நமது சங்கத்தில் புடவை வந்ததும் விரித்து, தரம் பார்த்து, பிழையுள்ளதைத் திருப்பி அனுப்பும் பரிசோதகரை எண்ணிக்கொள்ளுங்கள். பி-53 செய்வது அவ்வேலையே. உயிரணுவின் அட்டையில் சேதம் கண்டால் அது வேலையை நிறுத்தச் சொல்லும். சேதத்தைச் செப்பனிட அவகாசம் தரும். செப்பனிட முடியாதாயின் அந்த உயிரணுவையே மாய்த்துவிடும். ஆர்-பி என்ற இன்னொரு காவலாளி உயிரணு பிரியத் தொடங்கும் வாயிலில் பூட்டைப் போல நிற்கிறது. பி-16 என்ற சிறிய புரதம் அப்பூட்டைத் திறவாதபடி பார்த்துக்கொள்கிறது.

ஒரு பிழையால் புற்றுநோய் வந்துவிடுவதில்லை. ஏவுவது அடங்காமற்போக வேண்டும், பூட்டு கழன்றுபோக வேண்டும், பரிசோதகர் இல்லாமற்போக வேண்டும். இத்தனையும் ஒரே உயிரணுவில், அதன் வழிவந்தவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக நேர வேண்டும். இதற்கு இருபது ஆண்டும் ஆகலாம், முப்பது ஆண்டும் ஆகலாம். இருபது வயதில் அடக்கிய புகையிலை ஐம்பது வயதில் புண்ணாக வருவதன் காரணம் இதுவே. "இத்தனை நாள் போட்டேன், ஒன்றும் செய்யவில்லையே" என்பவர் வாயினுள் இரண்டு மூன்று அட்டைகள் ஏற்கெனவே பிழைபட்டிருக்கக்கூடும். அவர் அதை அறிய வழியில்லை.

இப்போது அன்பரின் மூன்றாவது கேள்விக்கு வருவோம். அவருடைய தமையனார் புகைத்ததில்லை. நெசவாளரில் பலர் புகைப்பதில்லை. நூலும் பஞ்சும் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது. கையில் நாடாக் கயிறு, காலடியில் மிதி. எழுந்து போகவும் நேரமில்லை. ஆகவே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை ஆகியவற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலையைத் தொடர்வது பழைய வழக்கம். வயலில் நாற்று நடும் பெண்களும் பசியை மறக்க இதையே செய்கிறார்கள். இக்காலத்தில் அவ்விடத்தைச் சிறு பொட்டலங்களில் வரும் தூள் புகையிலையும் குட்காவும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புகை இல்லை, ஆகவே தீமை இல்லை என்பது பலருடைய எண்ணம். அன்பரின் கடிதத்திலும் அந்த எண்ணம் தெரிகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது.

புகையிலையைப் பாடம் செய்து பதப்படுத்தும்போதே அதில் நைட்ரோசமின்கள் என்ற இரசாயனப் பொருள்கள் உண்டாகின்றன. அவை வாயின் ஈரத்தில் கரைந்து, உயிரணுவிற்குள் சென்று, அட்டையின் எழுத்துகளில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய எழுத்தைப் படியெடுக்கையில் அது வேறு எழுத்தாகப் படிக்கப்பட்டுவிடுகிறது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருளிலிருந்தும் இத்தகைய நைட்ரோசமின்கள் உண்டாகின்றன. சுண்ணாம்பு சேர்ந்த காரத்தன்மையில் பாக்கின் சாறு உயிரணுக்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் வகைகளை வெளியிடுகிறது. அடக்கி வைத்த பக்கத்திலேயே, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்திலேயே நம் நாட்டில் இந்நோய் பெரும்பாலும் தொடங்குவது தற்செயல் அன்று. அடக்கியபடியே உறங்கிவிடுபவர்களுக்கு அச்சாறு இரவு முழுவதும் ஊறிக்கொண்டிருக்கும்.

இந்தத் தொடர்பை முதன்முதலில் கண்டறிந்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்து வேலை செய்தவர் என்பது பலருக்குத் தெரியாது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த நெய்யூரில், மிஷன் மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் ஆர் என்பவர், வாய்ப் புற்றுநோயுடன் தம்மிடம் வந்தவர்களின் தாம்பூலப் பழக்கத்தை ஆராய்ந்து, 1933-ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் கட்டுரை எழுதினார். பின்னர் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அவருடைய தங்கை புற்றுநோயால் மறைந்ததே அம்முயற்சிக்கு வித்தாயிற்று. அந்நிலையத்தின் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் சென்னைப் பகுதி நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டு, வாய்ப் புற்றின் காரணங்களைப் பற்றி 1959-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். மரபணுவின் எழுத்தைப் படிக்கும் வசதி அன்று இல்லை. பழக்கத்தையும் புண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே அவர்கள் உண்மையைக் கண்டார்கள்.

எழுத்தைப் படிக்கும் வசதி வந்தபின் பம்பாய் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 1991-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். புகையிலை மெல்லுபவர்களின் வாய்க் கட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் எச்-ராஸ் மரபணு பிழைபட்டிருந்தது. மேல்நாட்டு நோயாளிகளிடம் இப்பிழை அபூர்வம். ஒரே பெயருடைய நோயாயினும், புகைப்பதாலும் குடிப்பதாலும் அங்கே வருவதும், அடக்குவதால் இங்கே வருவதும் அட்டையின் வேறு வேறு இடங்களைக் கெடுக்கின்றன என்ற ஐயம் அப்போதே எழுந்தது. 2013-ல் இது இன்னும் தெளிவாயிற்று. உலக நாடுகள் கூடி நடத்திய புற்றுநோய் மரபணு ஆராய்ச்சியில் இந்தியா எடுத்துக்கொண்ட பங்கு, கன்னம் ஈறு ஆகிய இடங்களில் வரும் இந்தப் புற்றுதான். வங்காளத்தில் கல்யாணி என்ற ஊரிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபியல் நிலையமும், மும்பை டாடா நினைவு மையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையமும் இதைச் செய்தன. முதலில் 50 நோயாளிகளின் கட்டிகளையும், பின்னர் மேலும் 60 பேருடைய கட்டிகளையும் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு கட்டியின் எழுத்துகளையும் அதே நோயாளியின் இரத்தத்திலுள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டார்கள். பி-53, எச்-ராஸ், காஸ்பேஸ்-8, நாட்ச்-1 முதலிய முன்பே அறிந்த மரபணுக்களோடு, இந்நோயில் அடிக்கடி பிழைபடுவனவாக முன்பு அறியப்படாத ஐந்து மரபணுக்களும் அகப்பட்டன.

இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள் என்று சொன்னோம். அன்பரின் முதற்கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. கட்டியில் உள்ள பிழை அந்த நோயாளியின் இரத்தத்தில் இல்லை. அதாவது, அவர் பிறக்கும்போது கொண்டுவந்த அட்டை சரியாகவே இருந்தது. கன்னத்தின் ஓரிடத்தில் மட்டும் பின்னாளில் அது கெட்டது. கன்னத்து உயிரணு பிள்ளைக்குப் போவதில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் அட்டை, கருவை உண்டாக்கும் உயிரணுக்களில் தனியே பத்திரமாக இருக்கிறது. ஒரு தறியின் அட்டை கெட்டுவிட்டது என்பதற்காகச் சங்கத்தின் மூல அட்டை கெட்டுவிட்டதாக யாரும் சொல்வதில்லை அல்லவா? ஃபான்கோனி இரத்தசோகை போன்ற மிக அரிய சில பிறவி நோய்களில் வாய்ப் புற்று எளிதில் வருவதுண்டு. ஆனால் அவை சிறு வயதிலேயே வேறு குறிகளுடன் தெரிந்துவிடும். நாற்பது ஆண்டு புகையிலை அடக்கியவருக்கு ஐம்பது அறுபது வயதில் வந்த கன்னப் புற்றைக் காரணம் காட்டி, அவர் மகளின் சம்பந்தத்தைத் தள்ளுவதற்கு மருத்துவத்தில் இடமே இல்லை. மரபணு என்ற தமிழ்ச் சொல்லில் 'மரபு' இருப்பதால் வந்த குழப்பம் இது. மரபாக வருவதும் மரபணு. வாழ்நாளில் கெடுவதும் அதே மரபணு. சொல்லை ஆக்கியவர்கள் இந்தச் சங்கடத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

குடும்பத்தில் இருவர் மூவருக்கு இந்நோய் வந்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அவ்வீட்டில் அனைவருக்கும் பொதுவாக ஒரு வெற்றிலைப் பெட்டி இருந்ததா என்று விசாரித்தால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இனி வைரஸைப் பற்றி. மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., தோலையும் உட்தோலையும் பற்றும் ஒரு பெருங்குடும்பம். அதில் 200-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் வரும் சாதாரண மரு இவற்றில் சிலவற்றால் வருவதே. 16, 18 என்று எண்ணிட்ட வகைகள் மட்டும் ஆபத்தானவற்றில் முதன்மையானவை. கருப்பை வாய்ப் புற்றுக்கு இவையே காரணம் என்று நிறுவிய ஜெர்மன் நாட்டு விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரஸின் வேலைமுறை வியப்பானது. அதனிடம் இருப்பது சுமார் 8,000 எழுத்துகள் மட்டுமே. நம்முடைய 300 கோடியோடு ஒப்பிட்டால் ஓர் அட்டையின் மூலைகூட ஆகாது. ஆனால் அது உயிரணுவிற்குள் புகுந்து செய்விக்கும் இரண்டு புரதங்கள் நேரே காவலாளிகளையே தேடிச் செல்கின்றன. இ-6 என்பது பி-53-ஐப் பிடித்து, 'இது கழிவு' என்று முத்திரை குத்தி, உயிரணுவின் கழிவுப் பட்டறைக்கே அனுப்பிவிடுகிறது. இ-7 என்பது ஆர்-பி என்ற பூட்டைக் கவ்வி அவிழ்த்துவிடுகிறது. புகையிலை இருபது முப்பது ஆண்டு எழுத்தெழுத்தாகக் கெடுத்துச் சாதிப்பதை, வைரஸ் அந்த எழுத்துகளைத் தொடாமலே சாதித்துவிடுகிறது. முதல் வழியில் பரிசோதகரே பிழையாகப் பிறக்கிறார். இரண்டாவது வழியில் சரியாகப் பிறந்த பரிசோதகர் நாள்தோறும் கடத்திச் செல்லப்படுகிறார். இரண்டிலும் பிழையுள்ள புடவை தரம் பார்க்கப்படாமலே வெளியேறுகிறது.

ஆகவேதான் மருத்துவர்கள் கட்டியில் பி-16 என்ற புரதத்தைச் சாயமிட்டுத் தேடுகிறார்கள். வைரஸ் பூட்டை அவிழ்த்துவிட்டால், உயிரணு பதறி, பூட்டைக் காக்கும் பி-16-ஐ வீணே குவித்துக்கொண்டே போகும். சாயம் அடர்ந்து தெரியும். புகையிலையால் வந்த புற்றிலோ பி-16 மரபணுவே பெரும்பாலும் இழந்துபோயிருக்கும், சாயம் ஏறாது. அன்பர் அனுப்பிய தாளின் நகலில் 'பி-16 இல்லை' என்று கண்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் வீட்டார் பயந்திருக்கிறார்கள். உண்மையில் அவ்வரி, வைரஸுக்குரிய அடையாளம் காணப்படவில்லை என்று கூறுகிறது. சோதனை செய்தார்கள் என்பதையே நோய் இருந்தது என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! இச்சோதனை தொண்டைப் புற்றில் நம்பத்தக்கது. கன்னப் புற்றில் இதை மட்டும் கொண்டு முடிவு கட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எச்.பி.வி. வாய்ப் புற்றுக்கு எந்த அளவு காரணம் என்பதில் விஞ்ஞானிகளிடையே நெடுநாள் வாதம் உண்டு. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் நாவின் அடிப்பகுதி, தொண்டைச் சதை ஆகிய இடங்களில் வரும் புற்றுகளில் பெரும் பங்கு இவ்வைரஸால் வருபவை; புகைக்காத, குடிக்காத நடுவயதினரையும் அவை பிடிக்கின்றன; சிகிச்சைக்கு நன்றாகவே இணங்குகின்றன. வாயின் முன்பகுதியில், கன்னத்திலும் ஈறிலும், அவ்வாறில்லை. நம் பக்கத்தில் 1995-ல் திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, வெற்றிலை மெல்லுபவர்களின் 91 வாய்க் கட்டிகளை ஆராய்ந்து, நூற்றுக்கு 74 வீதத்தில் எச்.பி.வி.யின் எழுத்துகள் தென்பட்டதாகக் கூறியது. பிற்பாடு வந்த இந்திய ஆராய்ச்சிகளில் சில மிகக் குறைந்த அளவே கண்டன. இவ்வளவு வேறுபாட்டுக்குக் காரணம் சோதனை முறையில் இருக்கிறது. வைரஸின் எழுத்து ஓரிடத்தில் கிடப்பது வேறு, அது இ-6, இ-7 புரதங்களைச் செய்து வேலையில் இறங்கியிருப்பது வேறு. சங்கக் கட்டடத்தின் திண்ணையில் ஒருவர் படுத்திருந்தார் என்பதால் கல்லாப்பெட்டியைத் திறந்தவர் அவர்தான் என்று சொல்லிவிட முடியுமா? வேலை செய்யும் வைரஸை மட்டும் எண்ணும் கடுமையான சோதனைகளில் கன்னப் புற்றில் அதன் பங்கு சிறியதாகவே காண்கிறது. எண் 16 வகை வாய்ப் புற்றையும் உண்டாக்க வல்லது என்று சர்வதேசக் கழகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆயினும் நம் ஊரில் பெருங்குற்றவாளி புகையிலையும் பாக்குமே என்பதுதான் நம் துணிபு.

தொத்துமா என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். புற்றுநோய் தொத்துவதில்லை. ஒருவருடைய புற்று உயிரணு மற்றொருவர் வாயில் விழுந்தாலும் வேர் பிடிக்காது. உடல் அதை அயலார் என்று அறிந்து அழித்துவிடும். எச்.பி.வி. மட்டும் தொத்தக்கூடியது, அதுவும் உடலுறவு, வாய்வழி உறவு போன்ற மிக நெருங்கிய தொடர்பால்தான். ஒரே தட்டில் உண்பதால், ஒரே தம்ளரில் குடிப்பதால், பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுவதால் அது பரவுவதாக அறியப்படவில்லை. மேலும் அவ்வைரஸ் புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓரிரண்டு ஆண்டுகளில் தாமாகவே அதை வென்றுவிடுகிறார்கள். அன்பரின் தமையனார் விஷயத்தில் வைரஸுக்குரிய அடையாளமே இல்லை. அந்தத் தனித் தட்டை இன்றைக்கே உள்ளே எடுத்துவைத்துவிடலாம். அறுவையாலும் கதிர்ச் சிகிச்சையாலும் மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுகிறவருக்குக் குழைந்த சோறும் கூடவிருந்து உண்ணும் துணையும் மருந்தைப் போலவே அவசியம்.

பாக்கைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். புகையிலை கலவாத தாம்பூலமும், பாக்கு தனியாகவுமே புற்றை விளைவிப்பவை என்று சர்வதேசக் கழகம் 2004-ல் வெளியிட்ட நூலில் தீர்மானமாகக் கூறிவிட்டது. பாக்கு மெல்லுவதால் வாயின் உட்தோல் நார்போல் இறுகி, வாய் திறவாமற்போகும் ஒரு நோயும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியிருந்த இந்தியப் பெண்களிடம் 1952-ல் இது முதலில் விவரிக்கப்பட்டது. அது பின்னர்ப் புற்றாக மாறக்கூடும். விசேஷத்தில் தாம்பூலத் தட்டு நீட்டுவதை நிறுத்தச் சொல்ல நமக்கு மனமில்லை. சேலம், கோவை பக்கத்துப் பாக்குத் தோட்டக்காரர்களின் வருத்தத்தையும் அறிவோம். ஆனாலும் நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கிவைப்பது மங்கலத்தைச் சேர்ந்ததன்று.

அன்பரின் கடிதத்தில் நம்மை மிகவும் வருத்தியது அந்த எட்டு மாதம். வலி இல்லாததால் அவர் பொறுத்திருந்தார். தொடக்கத்தில் இப்புண் வலிப்பதில்லை. அதுவே அதன் வஞ்சகம். வாயின் உட்தோல் மூன்று வாரத்துக்குள் புதிதாகிவிடும் என்று மேலே சொன்னோம். பல் கடித்ததாலோ சூட்டினாலோ வந்த புண் அதற்குள் ஆறிவிட வேண்டும். ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், வெல்வெட்டுப் போன்ற சிவந்த திட்டு, காரம் பட்டால் தாங்காத எரிச்சல், மூன்று விரலை நெட்டாக வைக்கும் அளவு வாய் திறவாமை, காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கழலை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காட்டிவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் விலக்கி, நாவை இருபுறமும் நீட்டி, மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. வேப்பம்பட்டில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம்கூட ஆகாது.

இவ்வாறு வெறும் கண்ணால் பார்ப்பதில் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பரிசோதனை விடை தரும். 1996 முதல் அங்கே 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயைப் பார்த்தார்கள், மற்றவற்றில் பார்க்கவில்லை. 2005-ல் முடிவு வெளியாயிற்று. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களில், பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு 34 வீதம் குறைவு. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு விளக்கும் இரண்டு கண்களும்தான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஈரோடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் வீடுதேடி அழைத்துப் புற்றுநோய் கண்டறியும் திட்டம் தொடங்கிற்று. வாயும் அதில் அடங்கும். அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்தவர்களுக்கு வாயைப் பார்ப்பது தேசியத் திட்டத்தின் ஒரு பகுதி, கேட்டுச் செய்துகொள்ளலாம். நம் பக்கத்தார்க்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சென்னைக் கோட்டை நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியும், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அட்டை இல்லாதவர்கள் நோய் வருமுன்னே பெற்றுக்கொள்வது நல்லது. புகையிலையை விட முயல்பவர்களுக்கு 1800-11-2356 என்ற தேசிய எண்ணில் இலவசமாக ஆலோசனை கூறுகிறார்கள்.

எச்.பி.வி.க்குத் தடுப்பூசி உண்டு. புனே சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் என்ற இந்தியத் தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறப்பு. இது முக்கியமாகக் கருப்பை வாய்ப் புற்றைத் தடுப்பதற்கு. புகுந்துவிட்ட வைரஸை இது நீக்காது, புகையிலையால் கெட்ட எழுத்தையும் திருத்தாது.

அன்பர் கேளாத ஒன்றையும் அவருக்கு எழுதியிருக்கிறோம். புகையிலைச் சாறு ஊறியது புண் வந்த இடத்தில் மட்டும் அன்று. வாய் முழுவதும் அது பட்டிருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஸ்லாட்டர் 1953-லேயே இதைக் கவனித்து, புற்றைச் சூழ்ந்த பார்வைக்கு நல்ல உட்தோலும் ஏற்கெனவே மாறியிருக்கிறது என்று எழுதினார். ஒரு மூலையில் புகையான் கண்ட வயலில் மற்ற மூலைகளையும் விவசாயி போய்ப் பார்க்கிறார் அல்லவா? அதேபோலத் தமையனார் முதல் ஆண்டில் மாதம் ஒருமுறையோ இருமாதத்துக்கு ஒருமுறையோ, மருத்துவர் குறித்த நாளில், தவறாமல் போய் வாய் முழுவதையும் காட்டிவர வேண்டும். பிறகு இடைவெளி நீளும். ஐந்தாண்டு வரை நிறுத்தலாகாது. அடுத்த முறை போகும்போது அண்ணியையும், பதினெட்டு வயது முதல் பொட்டலப் புகையிலை போடுவதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கும் இளைய மகனையும் உடன் அழைத்துச் செல்லும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.